எதிரொலி முனை

வேழமலையில் அநியாயம் நடந்தது நெல்லிக்காட்டுப் பெண்களுக்கு. அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ‘வராதே’ என்ற பொருளில் குரல் கொடுத்தார்கள். மேலே நின்ற பயணிகள் அந்தக் குரலுக்குக் கை தட்டிவிட்டு இறங்கி வந்தார்கள்.

அருவிக்குப் போகிற பாதையில் ஒரு திருப்பம் உண்டு. அங்கே நின்று ‘கூ’ என்று கூவ வேண்டும். கீழே பெண்கள் இருந்தால் அவர்களும் ‘கூ’ என்பார்கள். பதில் வந்தால் நிற்க வேண்டும். வராவிட்டால் போகலாம். அந்த ஊர் வழக்கம் அவ்வளவுதான்.

மலைமேல் இருந்த மடத்தில் பயணிகளுக்கு இடம் சுற்றிக் காட்டும் பொறுப்பு சௌந்தரபாண்டியனுடையது. சமவெளியிலிருந்து வந்து காவி கட்டியவர். ஒருநாள் திருப்பத்தில் யாரோ கூவுவதையும் பதில் வருவதையும் கேட்டார். மெய்சிலிர்த்துப் போனார். மறுவாரமே அங்கே ‘எதிரொலி முனை’ என்று பலகை நட்டார். கூட்டம் குவிந்தது.

அன்று இறங்கி வந்த பயணிகளைக் கண்டு ஓடி ஒளியப் போய்ப் பாறையில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டாள், குளித்துக்கொண்டிருந்த கொளஞ்சி. அவளுடைய தாய் சடைச்சி நேரே மடத்துக்கு வந்துவிட்டாள்.

மடத்தின் குரு நிறைமதி அம்மை, சீடர் சௌந்தரபாண்டியனைவிட வயதில் இளையவர். இருவர் பேச்சையும் கேட்டார்.

“நாங்க கூவுனோம்மா. தொண்டை கிழியக் கூவுனோம். நின்னானா ஒருத்தன்?”

“யாரும் கூவலை அம்மா,” என்றார் சௌந்தரபாண்டியன். “கேட்டது எதிரொலி. நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்.”

“அப்போ என் மக கையை உடைச்சது எதுவாம்?”

“வருத்தந்தான். அதுக்காக மலையை மூடிவைக்க முடியுமா? வருஷம் முழுக்கப் பட்டணத்துப் புகையில வேகிற சனம். ஒரு நாளாவது பச்சையைப் பார்க்கட்டுமே. அழகு யாருக்கும் சொந்தமில்லைன்னு நீங்கதானே அம்மா சொன்னீங்க?”

அம்மை மறுக்கவில்லை. எழுந்து நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள்.

திருப்பத்தில் பலகையருகே நின்றார்.

“கூவுங்க, பாண்டியரே.”

கூவினார். கீழிருந்து ‘கூ’ என்று வந்தது.

“பார்த்தீங்களா அம்மா!” அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இப்போ உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

சௌந்தரபாண்டியன் இரண்டு கையையும் வாயருகே குவித்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார்.

‘கூ’ என்று வந்தது.

அவர் அம்மையைப் பார்த்தார். மறுபடி கத்தினார். மறுபடியும் ‘கூ’தான். இந்த முறை கீழிருந்து வந்த குரல் நடுங்கியது. அதன் பின்னாலேயே ஒரு சிறுமியின் குரல், அவசரமாக, ‘கூ, கூ’ என்றது.

“மலைக்கு உங்க பேரு வாயில நுழையல போல, சாமி,” என்றாள் சடைச்சி. அவள் சிரிக்கவில்லை.

சௌந்தரபாண்டியன் பாதையோரம் உட்கார்ந்துவிட்டார். இதுவரை எத்தனை பேரை இந்தத் திருப்பம் தாண்டி அனுப்பினோம் என்று நினைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். கீழே தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மை அருவிப்பக்கம் முதுகைத் திருப்பி நின்றிருந்தார். சடைச்சி பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆழமாகத்தான் நட்டிருந்தார்.

சௌந்தரபாண்டியன் எழுந்து போய் அவளோடு சேர்ந்து பலகையை அசைத்தார். பிடுங்கியதைத் தோளில் வைத்துக்கொண்டும் நகரவில்லை.

“அம்மா, நாளைக்கு மூணு வண்டி வருது. இதைக் கேட்கத்தான் வர்றாங்க. எதிரொலி இல்லைன்னா, அப்புறம் இந்த மலையில என்னதான் இருக்குன்னு கேட்பாங்களே. நான் என்ன சொல்ல?”

“ஆள் இருக்குன்னு சொல்லுங்க,” என்றார் அம்மை.