கயிற்றை விடாத நண்டு

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அங்கே ஒரு நரி இன்ஜின் படகு ஓட்டிப் பிழைத்தது. எதிர்த் தீவில் நாவல் மரங்கள் அதிகம். குரங்குகள் காலையில் படகேறிப் போய்ப் பழம் தின்றுவிட்டு வரும்.

நரியிடம் ஒரு கெட்ட பழக்கம். இன்ஜினிலிருந்து ஒழுகிச் சேரும் கறுப்பு எண்ணெயைத் துறையிலேயே தண்ணீரில் கொட்டிவிடும்.

துறைக்குக் கீழே, சேற்று வளையில் ஒரு பெண் நண்டு குடியிருந்தது. வயிற்றில் கொத்துக் கொத்தாக முட்டைகள். எண்ணெய் படர்ந்த நீரில் அதற்கு மூச்சு முட்டியது. முட்டைகளில் பாதி கறுத்துப்போயின. அக்கம்பக்கத்து நண்டுகள் வேறு இடம் தேடிக் கிளம்பின. அதையும் கூடவே வரச் சொல்லிக் கெஞ்சின.

"கொட்டுகிறவன் இங்கேயே இருக்கிறான், நான் ஏன் போக வேண்டும்?" என்றது நண்டு.

மறுநாள் காலையில் அது துறைமேல் ஏறியது. படகு கட்டியிருந்த கயிற்றை ஒரு கொடுக்கால் இறுகப் பற்றிக்கொண்டது. குரங்குகள் வரிசையாக நின்றிருந்தன. எண்ணெயைக் கரையில் சேர்த்து வைக்காதவரை படகு நகராது என்று நண்டு நரியிடம் சொன்னது.

நரிக்குச் சிரிப்பு வந்தது. கடல் எவ்வளவு பெரியது, ஒரு வாளி எண்ணெய் அதை என்ன செய்துவிடும் என்று கேட்டது.

"அப்படியானால் அந்த வாளியை உன் குகையில் ஊற்றிக்கொள்ளேன், நரியாரே."

குரங்குகள் களுக்கென்று சிரித்தன. நரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துடுப்பை ஓங்கி ஓர் அடி வைத்தது. நண்டின் கொடுக்கு முறிந்தது. ஆனாலும் அது விலகவில்லை. மிச்சமிருந்த கொடுக்கால் அதே கயிற்றைப் பிடித்தது.

"இதையும் முறி. அப்புறம் கால்களால் பிடிப்பேன்."

குட்டியை மார்போடு அணைத்திருந்த ஒரு மந்தி குனிந்து பார்த்தது. நண்டின் வயிற்றில் கறுத்துப்போன முட்டைகள் அதன் கண்ணில் பட்டன. அது படகில் வைத்த காலை எடுத்துவிட்டது.

"எனக்குப் பழம் வேண்டாம், நரியண்ணே. நீ போ."

மற்ற குரங்குகளும் ஒவ்வொன்றாக விலகின. அன்று படகு போகவில்லை. அடுத்த நாளும் துறைக்கு யாரும் வரவில்லை. நண்டு மட்டும் கயிற்றோடு கிடந்தது.

மூன்றாம் நாள் நரி முனகிக்கொண்டே ஒரு பீப்பாயை உருட்டி வந்து கரையில் வைத்தது. எண்ணெயை அதில் ஊற்றி மூடியது. ஒழுகும் இன்ஜினுக்கு அடியில் ஒரு தட்டும் வைத்தது. அதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகுதான் நண்டு கயிற்றை விட்டது.

சில நாளில் தண்ணீர் தெளிந்தது. பிழைத்த முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் அலையோடு நீந்திப் போயின.

நாம் வாழும் நீரைக் கெடுப்பவனுக்குப் பயந்து ஒதுங்கினால் அவன் மேலும் கெடுப்பான். எதிர்த்து நின்றால்தான் திருந்துவான்.