பெயர் சொல்லாத குளிர்

சித்திரை வெயிலில் சங்கரன்கோவில் சாலையே நெளிந்து மிதந்துகொண்டிருந்த மதியம். கார் ஏசி மெக்கானிக் ரஹ்மத்தின் பட்டறையில் ஒரு பழைய காருக்குள் மட்டும் மார்கழி. பின் சீட்டில் கார்க்காரர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிரைக் கொண்டுவந்தவர் சுடலைமுத்து. முப்பது வருஷம் பிரிட்ஜ் பழுது பார்த்துவிட்டு, கார் ஏசி கற்க வந்த சீடர். வயது ஐம்பத்தாறு. குரு ரஹ்மத்துக்கு முப்பத்திரண்டு. அவர் அவளை மாஸ்டர் என்பார், அவள் அவரை அண்ணன் என்பாள். இதில் அவர்களுக்குச் சங்கடமில்லை. பார்ப்பவர்களுக்குத்தான்.

காரில் நிரப்பியது வேறு வகை கேஸ். பாதி அளவே போதும், நன்றாகக் குளிரும். ஆனால் சமையல் கேஸ் போலத் தீப்பற்றும். அதனால் பானெட்டுக்குள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் ரஹ்மத் வண்டியை அனுப்புவாள்.

சுடலைமுத்து ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், கார்க்காரருக்கு இது வேண்டாமாம். வீட்டம்மா பார்த்தா வண்டியில ஏற மாட்டாங்களாம். ஒட்ட மாட்டோம்னு வாக்குக் குடுத்துட்டேன்."

ரஹ்மத் குனிந்து குழாய் இணைப்புகளைப் பார்த்தாள்.

"ஒழுகலை. ரெண்டு தடவை பார்த்துட்டேன். ஜில்லுனு வருது. ஒட்டாட்டா என்ன மாஸ்டர்?"

வேப்பமரத்தடியில் நின்ற வெள்ளைக் காரை அவள் காட்டினாள்.

"காலையில வந்தது. குளிர் குறைஞ்சிட்டே வருதாம். எங்க ஒழுகுதுன்னு உங்க முறையிலயே பாருங்கண்ணே."

மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து பித்தளை விளக்கை எடுத்தார். அதன் சுடரைக் குழாயோரம் மெல்ல நகர்த்துவார். பழைய பிரிட்ஜ் கேஸ் கசியும் இடத்தில் சுடர் பச்சையாகும். அந்தப் பச்சை மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. கனவில்கூட வரும் என்பார்.

தூக்கத்தில் நடப்பவர் போலப் போய் பானெட்டைத் தூக்கினார். குனிந்தார். தீக்குச்சியை எடுத்தார்.

தீப்பெட்டியை ரஹ்மத்தின் உள்ளங்கை மூடியது.

"உள்ள என்ன கேஸ்ணே?"

பானெட்டின் உள்பக்கம் முழுக்கத் தேடினார். எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

"தெரியலையே மாஸ்டர்."

"காலையில மெஷின்ல சோதிச்சேன். இப்ப நீங்க அந்த வண்டியில போட்டதேதான்."

தீக்குச்சி விரலிலிருந்து நழுவியது. விளக்கைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்ததும் கோபம் வந்தது.

"எந்தப் பய பார்த்த வேலை இது? ஒரு ஸ்டிக்கர் ஒட்ட அவனுக்குக் கை வலிச்சுதோ?"

"திட்டாதீங்கண்ணே. அவரும் ஜில்லுனுதான் அனுப்பியிருப்பாரு."