தவறு எது என்று கேட்ட அரசன்

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். எதையும் இரண்டாம் முறை செய்வதென்றாலே அவனுக்கு ஆகாது. பாடகன் ஓரிடத்தில் பிசகினால் மறுபடி பாட விடமாட்டான். குழம்பில் உப்பு கூடிவிட்டால் சட்டியோடு சமையற்காரனும் வெளியே போக வேண்டியதுதான். "முதல் தடவை வராதது அப்புறம் எப்போது வரப்போகிறது?" என்பான்.

இந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார் வித்தியாதரர். அரண்மனைப் பள்ளிகளுக்கெல்லாம் அவர்தான் தலைமைப் பரீட்சகர். ஒருவன் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பரீட்சை எழுதலாம். தேறியவர் பெயரைக் கோட்டை வாசலில் நின்று வாசிப்பார்கள். திருத்திய ஓலைகளை அன்றைக்கே பள்ளி முற்றத்தில் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். எங்கே பிழை செய்தோம் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்பாரில்லாததால் வித்தியாதரருக்கும் வேலை சுலபமாயிருந்தது.

அந்தச் சபையில் வேம்பன் என்றொரு விகடகவி இருந்தான். அரசனைக் கேலி செய்துவிட்டு அவன் கையாலேயே வெற்றிலை வாங்கிப் போகிற சாமர்த்தியம் அவனுக்கு உண்டு. வித்தியாதரருக்கு அவனைக் கண்டாலே எரியும். இத்தனை சாத்திரம் படித்த தன்னை விட்டுவிட்டு அரசன் ஒரு கோமாளியின் பேச்சுக்குக் காது கொடுக்கிறானே என்று.

வேம்பனுக்குத் தாண்டவன் என்று ஒரு தம்பி. அரண்மனை வைத்தியப் பள்ளியில் பல வருடம் படித்தவன். பச்சிலையை முகர்ந்தே பெயர் சொல்லுவான். பரீட்சை எழுதினான். கோட்டை வாசலில் பெயர் வாசித்தபோது அவன் பெயர் வரவில்லை. வேம்பன் அவனைத் தேடிக்கொண்டு பள்ளி முற்றத்துக்குப் போனான். ஓலைகள் எரிந்து தணிந்த இடத்தில் தாண்டவன் நின்றிருந்தான்.

"தேறாதது போகட்டும் அண்ணா. எதைத் தப்பாக எழுதினேன் என்று மட்டும் தெரிந்தால் போதும்" என்றான்.

அது தெரியவே இல்லை. தெரியாதது அவனை உள்ளே அரித்தது. ஊரில் யாராவது நோயென்று வந்தால், மருந்தை எடுப்பான், மறுபடி வைப்பான். "என் படிப்பில் ஏதோ ஒன்று தப்பு. அது எதுவென்று தெரியாதபோது எதை நம்பிக் கொடுப்பேன்?" என்று கைகூப்பி அனுப்பிவிடுவான்.

அந்த ஐப்பசி மழையில் அவன் மனைவி பூவாயிக்கு விஷச் சுரம் கண்டது. வேம்பன் போய்ப் பார்த்தபோது அடுப்பில் நிலவேம்புக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. தாண்டவன் அதை இறக்கி வடிகட்டினான். கிண்ணத்தோடு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் வாயைத் திறந்தாள். அவன் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். எழுந்து போய்க் கஷாயத்தை முற்றத்தில் கொட்டிவிட்டான்.

"அண்ணா, பரீட்சையில் சுரத்துக்கு இதைத்தான் எழுதினேன். நான் தப்பாக எழுதியது இதுவாக இருந்துவிட்டால்?"

"கொடுடா! எதையாவது கொடு!" என்று வேம்பன் கத்தினான். தாண்டவன் அசையவில்லை. வேம்பன் மழையில் ஓடி ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு வைத்தியரை அழைத்து வந்தான். அவர்கள் படியேறும்போதே வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வேம்பனுக்கு விகடம் வரவில்லை. சபைக்கு வருவான், தன் இடத்தில் உட்காருவான், அரசன் கேட்டால் ஏதோ சொல்லுவான். யாரும் சிரிக்க மாட்டார்கள். வித்தியாதரர் இதற்குத்தான் காத்திருந்தார்.

"அரசே, வைத்தியனுக்குப் பரீட்சை உண்டு, கணக்கனுக்குப் பரீட்சை உண்டு. விகடகவிக்கு மட்டும் ஏன் இல்லை? ஒரே ஒரு விகடம் சொல்லட்டும். வரும் பௌர்ணமிக்குள் அதற்குத் தாங்கள் சிரித்தால் இருக்கட்டும். இல்லையேல் நாட்டைவிட்டுப் போகட்டும்."

அரசனுக்கு யோசனை பிடித்துவிட்டது. "வேம்பா, என்ன சொல்கிறாய்?"

வேம்பன் எழுந்து வணங்கினான். "உத்தரவு அரசே. ஒரு சந்தேகம். பள்ளிப் பரீட்சைக்கு உள்ள விதிதானே இந்தச் சபைப் பரீட்சைக்கும்?"

"யார் எழுதினாலும் யார் திருத்தினாலும் விதி ஒன்றுதான். என் ஆணை" என்றான் அரசன்.

"அப்படியானால் என் விகடம் ஒரு விடுகதை. தாங்கள்தான் அவிழ்க்க வேண்டும். 'நடந்தால் கூட வரும், கும்பிட்டால் கும்பிடும், இருட்டில் மட்டும் கைவிட்டுவிடும்.' அது என்ன?"

அரசன் அலட்சியமாக, "நிழல்" என்றான்.

"தவறு" என்றான் வேம்பன்.

சபை திடுக்கிட்டது. அரசனின் முகம் சிவந்தது. "தவறா? பின் எதுதான் விடை?"

"சொல்லக் கூடாது அரசே. திருத்தியாகிவிட்டது."

"இரு, இன்னொரு விடை சொல்கிறேன்."

"ஒரே தடவைதான் அரசே. தங்கள் ஆணை."

"இவன் தோற்றுவிட்டான், தாங்கள் சிரிக்கவில்லை!" என்று வித்தியாதரர் எழுந்தார்.

"பௌர்ணமிக்கு நாள் இருக்கிறது, ஐயா" என்று சொல்லிவிட்டு வேம்பன் உட்கார்ந்துகொண்டான்.

அரசனுக்குச் சோறு இறங்கவில்லை. கூட வரும், கும்பிட்டால் கும்பிடும், இருட்டில் கைவிடும். வேட்டை நாயா? நாய் கும்பிடாதே. வாயிற்காவலனா? அவனைக் கூப்பிட்டு, "இருட்டில் என்னை விட்டுவிட்டு ஓடுவாயா?" என்று கேட்டான். காவலன் காலில் விழுந்தான். மந்திரியாக இருக்குமோ? அன்று முழுவதும் மந்திரியை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது. அரசி வந்து, "என்ன யோசனை?" என்று கேட்டபோது அவளையும் சந்தேகத்தோடு பார்த்தான்.

பௌர்ணமியன்று காலையில் வேம்பனைக் கூப்பிட்டு உறுமினான்: "விடையைச் சொல். இல்லாவிட்டால் உன் தலை இருக்காது."

"தலை போனால் விடையும் அதோடு போய்விடும் அரசே. ஓலையைக் கொளுத்துவதுபோல."

"அரசே, அந்த விடுகதைக்கு விடையே கிடையாது. இவன் ஏமாற்றுகிறான்!" என்றார் வித்தியாதரர்.

"விடை உண்டு ஐயா. நிழல்தான்" என்றான் வேம்பன்.



"நான் சொன்னதும் அதுதானே?" என்றான் அரசன்.

"ஆமாம் அரசே. முதல் தடவையே சரியாகச் சொன்னீர்கள். திருத்தியவன் நான். திருத்தியதைக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சரியென்றால் என்ன, தவறென்றால் என்ன?"

அரசன் ஒரு கணம் விழித்தான். பிறகு நாய், காவலன், வியர்த்த மந்திரி எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வர, சிம்மாசனத்தில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மந்திரியும் சிரித்தார், நிம்மதியில்.

"தேறிவிட்டாய் வேம்பா! என்ன வேண்டும், கேள்!"

வேம்பன் சிரிக்கவில்லை. "சரியான விடை எதுவென்று தெரியாமல் தாங்கள் கட்டிய மனைவியைக் கூடச் சந்தேகப்பட்டீர்கள். என் தம்பி தன் கையைச் சந்தேகப்பட்டான், அரசே" என்று தொடங்கி, கஷாயத்தை முற்றத்தில் கொட்டியதுவரை சொன்னான்.  அரசன் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

"எழுதியவனுக்கு அவன் ஓலையைத் திருப்பிக் கொடுங்கள். இன்னொரு தடவை எழுதவும் விடுங்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

வித்தியாதரர் விடவில்லை. "அரசே, இன்னொரு தடவை உண்டென்றால் முதல் தடவை யார் கண்விழித்துப் படிப்பார்? படித்துத் தேறியவனுக்குத்தான் என்ன மதிப்பு?"

"சுரத்தில் கிடப்பவள் தன் வைத்தியன் எத்தனையாவது தடவையில் தேறினான் என்றா கேட்பாள், ஐயா?" என்றான் வேம்பன்.

வித்தியாதரர் உட்கார்ந்துவிட்டார். அரசன் அப்போதே ஆணை பிறப்பித்தான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டான். அவன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தாண்டவன் முதலில் மறுத்தான். "இனி எனக்கு எதற்கு அண்ணா?" பிறகு அவனே, "பழைய கேள்விகளையே தரச் சொல். அன்று எழுதியதையே எழுதுகிறேன். தேறுவதற்காக இல்லை, எது தப்பென்று பார்க்கத்தான்" என்றான். அப்படியே எழுதினான். இந்த முறையும் தேறவில்லை. ஆனால் ஓலை கைக்கு வந்தது.

பள்ளிப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் பகுதி முழுக்கச் செங்காவியால் அடித்திருந்தது. வித்தியாதரர் ஒழுங்காகத்தான் திருத்தியிருந்தார். அடுத்த ஓலை சுரம். அதில் ஒரு வரி கூட அடிக்கப்படவில்லை. ஓரத்தில் "சரி" என்று எழுதியிருந்தது.

தாண்டவன் அந்த ஓர் ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தான். வேம்பன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தான்.

"அண்ணா, அவள் வாயைத் திறந்தாளே. அவளுக்கு என்மேல் சந்தேகமே இல்லை" என்றான் தாண்டவன்.

பொழுது சாயும் வேளையில் அண்ணனும் தம்பியும் ஆற்றோரத்து இடுகாட்டுக்குப் போனார்கள். பூவாயியைப் புதைத்த மேட்டில் புல் முளைத்திருந்தது. தாண்டவன் அதன் எதிரே உட்கார்ந்து, சுரத்துக்கு எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஓரத்தில் இருந்த "சரி" உட்பட, நிறுத்தி நிதானமாக அவளுக்கு வாசித்துக் காட்டினான்.