செவ்வந்தியின் கடையில் ஒலித்த மூன்றாம் மணி

ஆவணித் திங்கள் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. விடியலில் பெய்த தூறல் நின்றிருந்தது. ஆயினும் வானம் மூடியே கிடந்தது. புழுக்கத்தில் அரண்மனைக் கொடிகூட அசையவில்லை. முன்னொரு காலத்தில் நெடுங்கழனி நாட்டை ஆண்ட உத்தமசேகர மன்னரின் அவையில், அன்று ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தான்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டை வாசலில் அரண்மனையைச் சேர்ந்த பொம்மைக் கடை ஒன்று இருந்தது. அதில் விற்பனை செய்தவள் செவ்வந்தி. அவளுக்கும் பார்வை இழந்த அவள் கணவனுக்கும் அந்த வேலையே சோறு போட்டது. மன்னரோ நினைத்தவுடன் சட்டம் இயற்றுபவர். ஒருநாள் பல்லக்கில் உறங்கியபடி அவர் சென்றபோது, கடைவாசலில் ஒரு குழந்தை வீறிட்டதில் அவர் உறக்கம் கலைந்தது. அன்றே அங்கு ஒரு வெண்கல மணியைக் கட்டச் செய்தார். குறையோடு திரும்புபவர் அதை அடிக்கலாம். ஒரே மாதத்தில் மூன்றாம் முறை ஒலிக்கும்போது கடையில் நிற்பவர் எவரோ, அவர் வேலையை இழப்பார்.

அம்மாதம் மணி இருமுறை ஒலித்துவிட்டது. மண்குதிரை புல் தின்னவில்லை என்று மகள் அழுததற்காக ஒரு தாய் அடித்தாள். இரட்டைப் பிள்ளைகள் ஒரே கிலுகிலுப்பைக்குச் சண்டையிட்டதற்காக ஒரு தந்தை அடித்தார். அதேபோன்ற இன்னொன்றைச் செவ்வந்தி எடுத்து நீட்டியும் பயனில்லை.

மூன்றாவதாக வந்தவர் அரண்மனை மேற்பார்வையாளர் தீர்த்தகிரி. செவ்வந்தியின் பொறுமையை மன்னர் அவையில் புகழ்ந்த நாள்முதல் அவருக்கு வயிற்றெரிச்சல். அவருடைய மகன் கார்வண்ணன், குயவர் வீட்டுச் சிறுமி ஏற்கெனவே வாங்கிவிட்ட மரக்குதிரையே தனக்கு வேண்டுமென்று அழுதான். அதைப் பிடுங்கித் தரும்படி தீர்த்தகிரி கட்டளையிட, செவ்வந்தி மறுத்துவிட்டாள். எல்லாரும் பார்க்க அவளை விரட்ட வேண்டுமென்று, மகனையும் மணியையும் செவ்வந்தியையும் அவர் அவைக்கே கொண்டுவந்தார்.

வழக்கைக் கேட்ட மன்னருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை பிறந்தது. எதையும் கொடுக்காமல், அதட்டாமல், பூச்சாண்டி காட்டாமல் செவ்வந்தி அழுகையை நிறுத்தினால் அவள் வேலை நிலைக்கும்; இல்லையேல் மணியை அடிக்கலாம் என்றார்.

“அவளால் ஆகாது, மன்னா. என் மகன் அழத் தொடங்கினால் என்னாலேயே நிறுத்த முடியாது,” என்றார் தீர்த்தகிரி, பெருமையோடு.

செவ்வந்தி கைகூப்பினாள். “அரசே, நான் இங்கே கடை விரிக்கிறேன். சற்று நேரம் இந்தப் பிள்ளையே கடையில் நிற்கட்டும். நான் வாங்க வந்தவளாக இருக்கிறேன். அனுமதி வேண்டும்.”

மன்னர் இசைந்தார். அவள் துணியை விரித்து, கடையிலிருந்து வரவழைத்த பொம்மைகளைப் பரப்பினாள். சிறுவனுக்கு எதிரே தரையில் அமர்ந்தாள்.

“கடைக்காரரே, பம்பரம் இருக்கிறதா? வீட்டில் பிள்ளை அழுகிறாள்.”

அழுகை தொடர்ந்தது. அவள் அவசரப்படாமல் மீண்டும் அதையே கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது, சிறுவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

“பெரியதா, சின்னதா?”

மன்னரும் ஆசனத்தைவிட்டு இறங்கிவந்து, தலையாட்டிப் பொம்மையைக் காட்டி, அது நீலநிறத்தில் வேண்டும் என்றார்.

“நீலம் இல்லை. பச்சைதான் இருக்கிறது, மாமா.”

“நீலம்தான் வேண்டும்.”

“அழக்கூடாது. நாளைக்கு வாருங்கள்.”

அவை சிரித்தது. வழக்கு கைநழுவுவதைக் கண்ட தீர்த்தகிரி முன்னால் பாய்ந்து, அந்தப் பொம்மையைத் தம்மிடம் கொடுக்கும்படி மகனை அதட்டினார்.

“இந்த மாமா முதலில் வந்தார். நீங்கள் பின்னால் நில்லுங்கள், அப்பா.”

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. அவமானம் பொறுக்காத தீர்த்தகிரி மணியின் நாவைப் பற்றி ஓங்கி அடித்தார்.

மன்னர் அமைதியாகக் கேட்டார்: “மூன்றாம் மணி. இப்போது கடையில் நிற்பவர் யார், தீர்த்தகிரி?”

பொம்மைகளுக்கு நடுவே கடைக்காரனாக இருந்த மகனைத் தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தார். கார்வண்ணனின் உதடு துடித்தது. “நான் ஒழுங்காகத்தானே விற்றேன், அப்பா?”

அவர் பட்டாடையோடு தரையில் அமர்ந்தார். “ஒழுங்காகத்தான் விற்றாய், கண்ணா. தவறு என்னுடையது,” என்று மகனை அணைத்துக்கொண்டார்.

என்ன பரிசு வேண்டுமென்று மன்னர் செவ்வந்தியிடம் கேட்டார்.

“அரசே, பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள். பெற்றவர்களும் களைத்துப்போய்த்தான் கடைக்கு வருகிறார்கள். இவர்களுக்கு நடுவில் நாள் முழுவதும் நிற்கிறேன்; உட்கார ஒரு முக்காலி கொடுத்தால் போதும்.”

மன்னர் தலைகுனிந்தார்.

மறுநாள் கடைக்கு முக்காலி வந்தது; உதவிக்கு ஒரு பெண்ணும் வந்தாள். மணியை உருக்கி விளக்காக்கினார்கள். தீர்த்தகிரி ஒரு மாதம் வியாழன்தோறும் கடையில் நிற்க வேண்டுமென்று ஆணை பிறந்தது. முதல் வியாழனன்று நான்கு குழந்தைகள் அழுதனர். ஒரு தாய் அவரைத் திட்டிவிட்டுப் போனாள். மாலையில் குரல் கம்மி வீடு திரும்பினார். ஆணை முடிந்த பிறகும் இரண்டு வியாழன்கள் வந்தார். செவ்வந்தி இன்னும் பதினோராண்டுகள் அக்கடையில் வேலை செய்தாள்.