ஒற்றை ஊதுபத்தி

நல்லசிவத்தின் பக்தி எப்படிப்பட்டது என்று தெரியவேண்டுமானால் அவர் சட்டையை முகர்ந்து பார்த்தால் போதும்.

காலையில் எழுந்ததும் ஒரு கொத்து ஊதுபத்தியைக் கொளுத்துவார். சாமி படத்துக்கு முன்னால் வாழைப்பழத்தில் நாலைந்து சொருகுவார். ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் இரண்டு. காலண்டர் தொங்கும் ஆணியிலும் ஒன்று. அப்புறம் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவார். சாமிக்கு ஏற்றிய வாசனை தெருவில் போகிறவனுக்கு எதற்கு என்பது அவர் நியாயம். பத்தி பாட்டுக்குப் புகையும், மனிதர் பாட்டுக்குக் குளிக்கப் போய்விடுவார். காலண்டரில் தை மாதம் கருகி ஓட்டை விழுந்தது இப்படித்தான். அதையும் சாமி காட்டிய அடையாளம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னத்தைச் சொல்ல.

தனியாக இருந்தவரை எல்லாம் சரியாகத்தான் போனது. மகள் மங்கையர்க்கரசி கைக்குழந்தையோடு ஊரிலிருந்து வந்தாள். முதல் பேரன். மூக்கும் முழியுமாக இருந்தான். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் காலை இரண்டு கொத்தாக ஏற்றிவிட்டார்.

குழந்தை தும்மியது. அப்புறம் இருமியது. இருமி இருமி முகமெல்லாம் சிவந்துபோனது. மகள் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"அப்பா, நீங்க உங்க பூஜையைப் பண்ணுங்க. நாங்க சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பறோம்" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

போட்டது போட்டபடி சௌந்தரவல்லி அம்மா வீட்டுக்கு ஓடினார். அம்மாதான் அவருக்குக் குரு. வயதில் அவரைவிட இளையவர். பதிகம் பாடச் சொல்லிக்கொடுப்பார். கேட்டால் ஞானமும் சொல்லுவார், கேட்காவிட்டால் கிண்டல் செய்வார்.

"அம்மா, சாமியா பேரனான்னு வந்துடுச்சு. பத்திப் புகையில குழந்தை தும்முது, இருமுது, மக அரசி சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பறேங்கறா. பூஜையை விட்டா பாவம். பேரனை விட்டா..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"வீட்ல சாமிக்கு என்ன செய்வீங்களோ, அதை இங்கே செஞ்சு காட்டுங்க ஐயா."

நல்லசிவத்தின் முகம் மலர்ந்துவிட்டது. குரு வீட்டில் பூஜை என்றால் சும்மாவா? மடியிலிருந்த பத்திக் கட்டைப் பிரித்தார். அது இல்லாமல் அவர் வாசல் தாண்டுவதில்லை. கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். தட்டிலிருந்த பழத்தில் சொருகினார், கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் சொருகினார். இருவரும் சாமி படத்துக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

சற்று நேரத்தில் அம்மாவின் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"பாத்தீங்களாம்மா, உங்களுக்கே மனசு உருகுது."

"உருகலை ஐயா, எரியுது."

அதற்குள் பழத்திலிருந்த பத்திகளில் ஒன்று சாய்ந்து அவர் மடியில் விழுந்தது. மனிதர் துள்ளி எழுந்து, தட்டு தட்டென்று தட்டி அணைத்தார். புது வேட்டியில் உளுந்தளவு ஓட்டை. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்போடு இருமலும் வந்தது.

"தினமும் இது எரியறப்ப நீங்க எங்கே இருப்பீங்க?"

"குளிக்கப் போயிடுவேம்மா."

"சாமியைப் புகைக்குள்ள விட்டுட்டா?"

நல்லசிவம் ஓட்டையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சரி, இப்போ சாமி எங்கே இருக்கார்?"

அவர் சுவரைப் பார்த்தார். படமும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை.

"தெரியலைம்மா."

"எனக்கும்தான்."

அம்மா தட்டுத்தடுமாறிப் போய் ஜன்னலைத் திறந்தார், கதவைத் திறந்தார். பத்திகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்கி அணைத்தார். புகை கலையக் கலைய, படத்தில் சாமி கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தார். பிறகு அம்மா ஒரு பித்தளைக் கிண்ணத்தில் மணலை நிரப்பினார். துணியோ காகிதமோ பக்கத்தில் இல்லாத கல் மேடையில் அதை வைத்து, ஒரே ஒரு பத்தியை நட்டார்.

மெல்லிசாக மணம் எழுந்து ஜன்னல் வழியே போனது. தெருவில் பூக்கூடையோடு போன பெண் ஒருத்தி நின்று, மூச்சை இழுத்துவிட்டு, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"அடடா, வாசனையெல்லாம் வெளியே போகுதேம்மா" என்றார் நல்லசிவம். பழக்கம் விடுமா?

"சாமி அங்கேயும்தானே இருக்கார். போகட்டும். பஸ் எப்போ?"

"அஞ்சு மணிக்கு. ஆனா சாமியா பேரனான்னு கேட்டேனே, அதுக்கு ஒண்ணும் சொல்லலையே?"

"தும்முற சாமியை முதல்ல கவனிங்க ஐயா. தும்மாத சாமி காத்திருப்பார்."

மனிதர் செருப்பைக்கூட மாட்டவில்லை. அப்படியே வீட்டைப் பார்த்து ஓடினார்.

மறுநாள் முற்பகல் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். முந்தின நாள் விட்டுப்போன செருப்பு வாசலில் அப்படியே கிடந்தது.

"அரசி பையைப் பிரிச்சுட்டாம்மா. இன்னும் ஒரு மாசம் இருக்கப் போறா."

"புகை?"

"நேத்தே ஜன்னலெல்லாம் திறந்து வீட்டைக் காத்தாட விட்டுட்டேன். இன்னைக்குக் குழந்தை படுத்திருந்த அறைக்கு எட்டத்துல, மணல் கிண்ணத்துல ஒரே ஒரு பத்தி. அணையற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அம்மா, ஒரு விஷயம் தெரியுமா? சாமி ஒரு காதுல தோடு போட்டிருக்கார். இத்தனை வருஷமா அந்தப் படம் என் வீட்ல இருக்கு, நான் பார்க்கவே இல்லை."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

நல்லசிவம் போகாமல் நின்றார். செருப்பை ஒரு காலில் மாட்டினார், கழற்றினார்.

"இன்னும் என்ன?"

"ஒரு சந்தேகம்மா. கொத்துக் கொத்தா ஏத்தின கை. இன்னைக்கு ஒண்ணோட நிறுத்திட்டேன். சாமி கோச்சுக்குவாரோ?"

"பேரன் தும்மினானா?"

"இல்லைம்மா. நிம்மதியாத் தூங்கினான்."

"அப்போ கோபம் இல்லை" என்றார் அம்மா.