‘ணங்’ என்று சொன்ன வளைவு

காது இருப்பவர்கள் காதைக் கொடுங்கள். வாய் இருப்பவர்கள் கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளுங்கள். கழுதைகூட ராசாவிடம் நேரில் முறையிட்ட காலத்தில் நடந்த கதை இது.

ஆனைக்கல் நாட்டு அரசன் தன் கோட்டைக்குப் புது வாசல் கட்டச் சொன்னான். அம்பாரியோடு யானை நுழையும் உயரத்தில் செங்கல் வளைவு. கட்டியவர் செம்மலைக் கொத்தனார். சுண்ணாம்பு தெறித்துத் தெறித்து அவர் பார்வை பாதி போய்விட்டது. காதுதான் அவருக்குக் கண்.

வளைவுக்கு அடியில் மர முட்டுகள் தாங்கி நிற்கும். சுண்ணாம்புக் காரை இறுகிய பிறகே அவற்றை உருவலாம். இறுகியதா என்று எப்படித் தெரியும்? செம்மலையார் புளியங்கொம்பால் மூன்று இடத்தில் தட்டுவார். ‘தொப்’ என்றால் ஈரம். ‘ணங்’ என்றால் இறுக்கம். மூன்றும் ‘ணங்’ என்றால்தான் முட்டில் கை வைப்பார். தட்டியவரே முதல் முட்டை உருவ வேண்டும் என்பது அந்தக் கொத்தனார்களின் வழக்கம்.

அவருக்கு ஒரு மருமகன், தத்தன். தாயில்லாத அவனை வளர்த்த தாய்மாமன் அவர். சாரத்தில் உட்கார்ந்து வளைவுக்குத் தண்ணீர் ஊற்றுவது தத்தன் வேலை. ஊரார் குரலையெல்லாம் திருடுவது அவன் விளையாட்டு. அரசன் கொட்டாவி விடுவது வரும். வேலையை மேற்பார்க்கும் அரண்மனை மணியக்காரர் மூக்கால் அதட்டுவது வரும். வண்ணான் கழுதை அழுவதும் வரும். அவன் சொந்தக் குரல் எதுவென்று அவனுக்கே மறந்திருக்கும்.

“மாமா, முட்டை எப்போ எடுப்பீங்க?” என்று கோழிபோலக் கொக்கரிப்பான்.

“அடைகாக்கிறவன் அவசரப்படக் கூடாதுடா மாப்ளே” என்பார் அவர். செங்கல் சுமக்கும் நாகாயி அத்தை, அவர் மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

வளைவு கட்டி முடித்த இருபதாம் நாள் மணியக்காரர் வந்தார். “வெள்ளிக்கிழமை அரசர் பவனி. முட்டுக்காட்டுக்குள்ள யானை எப்படிய்யா நுழையும்?”

“தட்டிப் பார்க்கிறேன். அது சொன்னா எடுக்கிறேன்.”

மணியக்காரர் தத்தனைத் தனியே இழுத்துப்போனார். “அது சொல்லாது, நீ சொல்லு. விளக்குச் சங்கிலிக்கு உச்சியில ஒரு துளை இருக்குல்ல? அவர் தட்டுறப்போ அதுல வாயை வெச்சு ‘ணங்’னு சொல்லு. அப்புறம் தினமும் அரசர் சபையில உன் வித்தைதான்.”

தத்தனுக்குச் சபை கண்ணில் ஆடியது. ‘மாமா எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். காதைத் திருகுவார். எல்லோரும் சிரிப்பார்கள்’ என்றும் நினைத்தான்.

பெரியவர் செம்மலையார் தட்டினார். தத்தன், “ணங்.”

இடம் மாறித் தட்டினார். “ணங்.”

மூன்றாவது இடத்தில் தட்டுமுன் காதைச் சாய்த்து வெகுநேரம் நின்றார். கீழே மணியக்காரர் தத்தனை அண்ணாந்து முறைத்தார். பெரியவர் தட்டினார். “ணங்.”

“ஈர வாசம் அடிக்குது. ஆனாலும் மூணு தரம் சொல்லிடுச்சே” என்று பெரியவர் முதல் முட்டின் ஆப்பைத் தட்டத் தொடங்கினார். உருவிய முட்டைத் தாங்க ஒன்பது பேர் அருகில் நின்றார்கள். அவர்களில் நாகாயியும் ஒருத்தி.

மாமா கண்டுபிடிக்கவில்லை என்று தத்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. துளையில் வாயை வைத்து அலறினான்: “மாமா, வேண்டாம்! ஈரம்! சொன்னது நான்தான்!”

அது அவன் சொந்தக் குரல். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. “இது யாரு குரல்டா? புதுசா இருக்கே!” என்று நாகாயி சிரித்தாள்.

உடனே மணியக்காரர் குரலில் அதட்டினான்: “எல்லாரும் வெளிய ஓடுங்கடா!”

ஒன்பது பேரும் விழுந்தடித்து ஓடினார்கள். அந்தக் குரலுக்கு ஓடியே பழகிய கால்கள் அவை.

“நான் எங்கய்யா கத்தினேன்? அது அந்தக் குரங்குப் பயல்!” என்று வெளியே நின்ற மணியக்காரர் கூவினார்.

செம்மலையார் புன்னகைத்தார். “இன்னிக்கு விளையாட்டுப் போதும்டா மாப்ளே” என்று ஆப்பை ஓங்கி அடித்தார்.

மூன்றாம் முறை தத்தன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. வளைவு ‘தொப்’ என்றது. சாரம் மட்டும் தத்தனோடு நின்றது.

புழுதி அடங்கப் பொழுது சாய்ந்தது. செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தே பெரியவரை எடுத்தார்கள். நாகாயி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தத்தனைப் பார்த்தாள்.

“எல்லார் குரலும் உனக்கு வருமே. அவர் குரல்ல ஒரே ஒருதரம் என்னைக் கூப்பிடுடா.”

அவன் முயன்றான். காற்றுதான் வந்தது.

விசாரித்த அரசன் ஒரு கட்டளை போட்டான்: இனி முட்டு உருவும்போது, அவசரப்படுத்தும் அதிகாரி வளைவின் அடியில் நிற்க வேண்டும். அன்றுமுதல் அந்த மணியக்காரர் எந்த வேலையையும் அவசரப்படுத்தவில்லை. புளியங்கொம்பைத் தத்தன் எடுத்துக்கொண்டான். சாகும்வரை தட்டினான், கேட்டான், முதல் முட்டைத் தானே உருவினான். எவர் குரலிலும் அவன் பிறகு பேசியதில்லை.

ஆகவே கேட்டவர்களே, வேலையிடத்தில் உயிர் காக்கும் வழக்கத்தை அவசரத்துக்காகவோ வேடிக்கைக்காகவோ ஏமாற்றினால், அதற்கான விலையை அதை நம்பி நின்றவர் உயிரால் கொடுப்பார்.