செவலைக்குக் கட்டிய காப்பு

இசக்கியப்பன் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். ஐம்பத்தைந்து வயதில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மலையடிவாரத்து மடத்தில் சீடராகச் சேர்ந்தார். குரு உலகம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தால் என்ன, வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

மடத்து வாசலில் யாரோ விட்டுப்போன நாய்க்குட்டி, செவலை, ரத்தக்கழிச்சல் கண்டு சாகக் கிடந்தது. இசக்கியப்பன் விடுவாரா? அது பிழைக்க வேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் விரதம் நேர்ந்துகொண்டார். ஒருவேளைச் சோறுதான். மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டைத் தன் கையிலும் ஒரு துண்டைக் குட்டியின் கழுத்திலும் காப்பாகக் கட்டினார். எலும்பும் தோலுமாக இருந்த அந்தக் கழுத்துக்கு அது கச்சிதமாக இருந்தது.

கட்டின காப்பை விரதம் முடியுமுன் அவிழ்க்கக் கூடாது. விரதக்காரர் நாயைத் தொடவும் கூடாது. அதனால் அன்றிலிருந்து சோற்றைத் தள்ளி நின்றே வைத்தார்.

குட்டி பிழைத்தது. தின்று தின்று கொழுகொழுவென்று வளர்ந்தது. நாற்பதாம் நாள், சோற்றை முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் படுத்துக்கொண்டது. முனகல் வேறு.

இசக்கியப்பன் தள்ளி நின்றே அதை எட்டிப் பார்த்தார். பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். அன்றோடு அந்த ஒருவேளைச் சோறும் போயிற்று. வெறும் தண்ணீர்.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் குருவின் முன்னால் வந்து நின்றார். கால் தள்ளாடியதே தவிர, பேச்சு தள்ளாடவில்லை.

"அம்மா, இன்னும் ஆறு நாள். தண்ணியையும் விட்டுடலாம்னு இருக்கேன். என் விரதத்துல என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க."

"குட்டியைத் தூக்கிட்டு வாங்க."

"தொடக் கூடாதே அம்மா."

"தூக்கிட்டு வாங்க."

தூக்கிக்கொண்டு வந்தார்.

"அந்தக் கயித்துக்குள்ள ரெண்டு விரலை விடுங்க."

இசக்கியப்பன் ரோமத்தை விலக்கித் தடவினார். இரண்டு விரல் போகவில்லை. ஒரு விரலும் போகவில்லை. கயிறு சதைக்குள் இறங்கிக் கிடந்தது. விரலில் சீழ் ஒட்டியது. குட்டி வீலென்று கத்தியது.

"அடப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

உலகம்மை கத்தரிக்கோலை நீட்டினார்.

"அறுத்தா விரதம் முறிஞ்சிரும். இதுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அறுக்கலன்னா?"

இசக்கியப்பன் குட்டியைப் பார்த்தார். "ஆனது ஆகட்டும்" என்று கத்தரிக்கோலை வாங்கினார். முதலில் ரோமத்தை வெட்டினார். பிறகு, குருவைக் குட்டியின் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றை அறுத்தார். அந்த மனுஷனின் பிடிவாதம் அன்றைக்குத்தான் உருப்படியான காரியத்துக்கு உதவியது.

மாட்டு டாக்டர் வந்து புண்ணைக் கழுவி மருந்து போட்டார். மறுநாளே குட்டி சோற்றில் வாய் வைத்தது. புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு இசக்கியப்பன் டவுனுக்குப் போய், துளைகள் வைத்த மெத்தென்ற கழுத்துப்பட்டை ஒன்று வாங்கிவந்து மாட்டினார். நேராகக் குருவிடம் போனார்.

"முறிஞ்ச விரதத்தைத் திரும்ப எடுக்கணும் அம்மா. இந்தத் தடவை தப்பவே கூடாது. சோத்தை விடட்டுமா, தண்ணியை விடட்டுமா?"

"எதையும் விட வேண்டாம். மூணு வேளையும் நல்லா சாப்பிடுங்க. தினம் காலையில அந்தப் பட்டைக்குள்ள ரெண்டு விரலை விட்டுப் பாருங்க. போகலைன்னா ஒரு துளை தளர்த்துங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அது வளர்ற வரைக்கும்."

இசக்கியப்பனுக்கு இது ஒப்பவில்லை.

"இதெல்லாம் ஒரு விரதமா அம்மா? பசிக்கவே பசிக்காதே!"

"பசிச்சது உங்களுக்கு" என்றார் உலகம்மை. "வலிச்சது அதுக்கு."